குழுவில் போட்டால் சொன்னதாகிவிடுமா?

கேள்வி இதுதான். சித்தப்பா அதிகாலையில் இறந்துவிட்டார். உடனே குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி போட்டீர்கள். உறவு முழுக்க அதைப் பார்த்துத்தான் வந்து சேர்ந்தது. ஆனால் அத்தை மட்டும் "எனக்கு யாரும் சொல்லவில்லை" என்று காரியம் முடிந்த கையோடு பேச்சை நிறுத்திவிட்டார். செய்தியை யார் யார் படித்தார்கள் என்ற பட்டியலில் அவர் பெயரும் நேரத்தோடு இருக்கிறது. எல்லாமே இணையத்தில் நடக்கிற காலத்தில் இன்னும் பழைய முறையை எதிர்பார்ப்பது என்ன நியாயம் என்று கேட்கிறீர்கள்.

நியாயம் அத்தை பக்கம்தான். உங்கள் கேள்வியில் ஒரு தகவல் போகிற போக்கில் வருகிறது: அவர் உங்கள் அப்பாவுக்கும் அந்தச் சித்தப்பாவுக்கும் மூத்தவர். அதாவது, கூடப் பிறந்த தம்பி செத்துப்போனதை ஒரு பெண், யாரோ அனுப்பிய ரோஜாப்பூ காலை வணக்கத்துக்கும் அன்றைய தங்கம் விலைக்கும் நடுவில் படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். பட்டியலில் பெயர் இருப்பது அவர் படித்ததற்குத்தான் சாட்சி. நீங்கள் அவரிடம் சொன்னதற்குச் சாட்சி அல்ல.

இதைக் குடும்ப மனத்தாங்கல் என்று ஒதுக்காமல் விரிவாகவே எழுதுகிறேன். தகவல் சொல்லும் பழக்கம் எப்படியெல்லாம் மாறியிருக்கிறது என்று பார்க்க இழவுச் செய்தியைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. கல்யாணப் பத்திரிகை ஒரு வாரம் தாமதமாகலாம். சாவுச் செய்திக்குச் சில மணி நேரமே அவகாசம். எடுப்பதற்குள் வந்தாக வேண்டும். அதனால் எந்தப் புதுக் கருவி வந்தாலும் அவசரமாகக் கைநீட்டி எடுத்தது இந்த வேலைக்குத்தான். நாளிதழ் ஒன்றின் மாவட்டப் பதிப்பில் விளம்பரப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். 'காலமானார்' விளம்பரங்கள் என் மேசைக்குத்தான் வரும். அந்த அனுபவத்தில் பேசுகிறேன்.

முதலில் ஆள் விட்டுச் சொன்ன காலம். கிராமங்களில் அந்த வேலை சாதியின் பெயரால் தலித் மக்கள் தலையில் சுமத்தப்பட்டிருந்தது, சில இடங்களில் நாவிதர்கள் தலையில். இரவு, மழை பாராமல் பல மைல் நடந்துபோய், வாசலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். கூலி, படி நெல்லோ சில்லறையோ. பறையடிக்கவும் மாட்டோம், இழவு சொல்லவும் போகமாட்டோம் என்று மறுத்து, அதற்காக அடி வாங்கிய வரலாறு பல ஊர்களுக்கு உண்டு. ஆகவே பழைய முறை என்று நான் எழுதும்போது அதை எண்ணி ஏங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். மறுத்து நின்றவர்களும் பின்னால் வந்த தொலைபேசியும் சேர்ந்து அந்தக் கொடுமையைப் பெரும்பாலும் ஒழித்தது நல்லதே.

அந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஆளை அனுப்புவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து பெயர்களை அடுக்குவார். தாய்மாமன் வீடு, சம்பந்தி வீடு, கட்டிக்கொடுத்த பெண்கள் இருக்கும் ஊர்கள். இறந்தது பெண் என்றால் பிறந்த வீட்டுக்குத்தான் முதல் ஆள். அங்கிருந்து கோடித் துணி வராமல் எடுக்கமாட்டார்கள். நல்லதுக்கு அழைத்தால் போக வேண்டும், கெட்டதுக்கு அழைக்காமலே போக வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். அது ஊராருக்கு. உடன்பிறந்தவர்களுக்கும் ரத்த உறவுகளுக்கும் முறையாகச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டதால் முறிந்த உறவுகள் அன்றும் உண்டு. உங்கள் அத்தை புதிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை.

பிறகு தந்தி. இந்தியாவில் 1850களில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்த அந்தச் சேவை 2013 ஜூலை நடுவில் நிறுத்தப்பட்டது. கிராமத்தில் தந்தி வந்தது என்றாலே வீட்டுப் பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே. பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். தபால்காரரோ பள்ளிக்கூட வாத்தியாரோ அதைப் பிரித்து, ஒருமுறை தனக்குள் படித்து, எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ரொம்ப முடியவில்லையாம், உடனே கிளம்பச் சொல்கிறார்கள்" என்பார். இறந்துவிட்டார் என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான் சொல்வார். மீதியைப் பயணத்திலேயே புரிந்துகொண்டு வருவார்கள்.

எஸ்.டி.டி. பூத்துகள் வந்த பிறகும் இதுதான் நடந்தது. அப்போது எல்லா வீட்டிலும் போன் இல்லை. கடிதத் தாளிலும் விசிட்டிங் கார்டிலும் எண்ணுக்குப் பக்கத்தில் பி.பி. என்று போட்டிருக்கும். அது பக்கத்து வீட்டு போன். அந்த வீட்டு அம்மாள் செய்தியைக் கேட்டுக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து கதவைத் தட்டுவார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று பேசப்பட்டது. அழைப்பைப் பெறுவதற்கும் காசு என்ற நிலை 2003இல் மாறிய பிறகுதான் அந்தக் கருவி சாதாரண வீடுகளுக்குள் வேகமாக நுழைந்தது. அப்போதும் மறுமுனையில் ஒரு குரல் இருந்தது.

குழுச் செய்தியில்தான் முதன்முறையாக அந்தக் குரல் காணாமல்போயிற்று. ஒரே செய்தி எல்லோருக்கும் போகிறது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

அச்சிலும் வானொலியிலும் அறிவிக்கவில்லையா என்று கேட்கலாம். அறிவித்தோம். என் மேசைக்கு வந்தவர்கள் யாருக்காக வந்தார்கள் என்று பாருங்கள். மாலையில் இறந்தவரின் மகனும் கூடவே விவரம் தெரிந்த ஓர் உறவினரும் வருவார்கள். கையில் ஓர் அடையாள அட்டைப் புகைப்படம், நோட்டுத் தாளில் எழுதிய பெயர்கள். பதிப்பு முடிவதற்குள் கொடுக்க வேண்டும் என்ற அவசரத்திலும் மருமகன்களின் பெயரை வயதுப்படி போடுவதா, மகள்களின் வரிசைப்படி போடுவதா என்று ஒரு பேச்சு நடக்கும். பிரிந்துபோன மகனின் பெயரைப் போடலாமா என்று வெளியே போய்ப் பேசிவிட்டு வருவார்கள். விளம்பரத்துக்கு இடத்தின் அளவைப் பொறுத்துக் கட்டணம் என்பதால் பேரன்கள் 'மற்றும் பேரக்குழந்தைகள்' ஆகிவிடுவார்கள். இத்தனை பாடும் உடன்பிறந்தவர்களுக்குத் தெரிவிப்பதற்காக அல்ல. அவர்கள் அதற்குள் வீட்டுக்கு வந்து அழுதுகொண்டிருப்பார்கள். விளம்பரம் பழைய அலுவலக நண்பர்களுக்கு, மாற்றலாகிப் போன அண்டைவீட்டாருக்கு, எப்போதோ படித்த மாணவர்களுக்கு.

ஆக, இரண்டு வட்டம் இருந்தது. உள்வட்டத்துக்கு வாய்மொழி, வெளிவட்டத்துக்கு ஊடகம். வாட்ஸ்ஆப் குழு இந்த இரண்டு வட்டத்தையும் ஒன்றாக்கிவிட்டது. சித்தப்பாவின் அக்காவும், உங்கள் ஒன்றுவிட்ட அண்ணனின் மைத்துனரும் ஒரே நொடியில் ஒரே வாக்கியத்தைப் படிக்கிறார்கள். மைத்துனருக்கு அது போதும். அக்காவுக்குப் போதாது.

மாற்றம் எல்லாமே நட்டம் என்று சொல்லவில்லை. வெளிவட்டத்தைப் பொறுத்தவரை இணையம் செய்திருப்பதை எந்தப் பத்திரிகையும் செய்ததில்லை. ஈழத்தமிழர்களைப் பாருங்கள். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் மரண அறிவித்தல் என்று தனியே வாசிப்பார்கள். இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும் என்று உறவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டு முடியும். போரில் அந்த மக்கள் கண்டம் விட்டுக் கண்டம் சிதறியபோது, ஓர் ஊரின் சாவுச் செய்தி டொரண்டோவுக்கும் லண்டனுக்கும் பாரிஸுக்கும் ஓஸ்லோவுக்கும் போக வேண்டியதாயிற்று. அதற்கென்றே இணையதளங்கள் எழுந்தன. யாழ்ப்பாணத்தின் இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், கனடாவின் இன்ன நகரை வதிவிடமாகவும் கொண்டவர் என்றுதான் ஒவ்வோர் அறிவித்தலும் தொடங்குகிறது. வானொலியின் நடை அப்படியே இருக்கிறது, எட்ட வேண்டிய தூரம்தான் கூடியிருக்கிறது. நாற்பது வருடம் முன்னால் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர் இறந்தது, ஊர்ப் பெயரைப் பார்த்துத் தற்செயலாக இன்னொருவருக்குத் தெரிகிறது. முப்பத்தொன்றாம் நாள் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு மண்டபமும் நேரமும் அதிலேயே வருகிறது.

தமிழ்நாட்டில் நமக்கு இந்தத் தற்செயல்தான் குறைந்துகொண்டு வருகிறது. காலையில் பேப்பரை விரித்ததும் முதலில் காலமானார் பக்கத்தைப் பார்க்கிற பெரியவர்கள் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள். தேடாமலே கண்ணில் படும், "அடடா, இவரா!" என்பார்கள். போனில் செய்தி படிக்கிறவருக்கு அந்தப் பக்கம் வருவதே இல்லை. நாம் எதை அதிகம் சொடுக்குகிறோமோ அதையே திரும்பத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிற திரையில், இருபது வருடத்துக்கு முன் மாற்றலாகிப் போன தலைமையாசிரியரின் மறைவுக்கு எங்கே இடம்? குழுவில் இல்லாதவர் இறந்தால் நமக்கு அவர் இறக்கவே இல்லை. என் பழைய சகா ஒருவரின் மறைவு எனக்கு எட்டு மாதம் கழித்துத் தெரிந்தது, அதுவும் அவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று இருந்ததைப் பார்த்து.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1984 அக்டோபர் 31 அன்று காலை இந்திரா காந்தி சுடப்பட்டார். அகில இந்திய வானொலியும் தூர்தர்ஷனும் அவர் மறைவை அறிவித்தபோது மாலையாகிவிட்டது. அதற்குள் பிபிசியைக் கேட்டவர்கள் வழியாக ஊரெல்லாம் தெரிந்திருந்தது. அரசு மட்டுமே சொல்லலாம், சொல்லும்வரை சோக இசையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்ற காலம் அது. 2016 டிசம்பர் 5 அன்று நடந்தது அதற்கு நேர்மாறு. அன்று மாலையே தமிழ்த் தொலைக்காட்சிகள் சில, ஜெயலலிதா இறந்துவிட்டார் என்று அறிவித்துவிட்டன. கட்சித் தலைமை அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்ததும் திரும்ப மேலே ஏறியது. இரவு 11.30 மணிக்கு உயிர் பிரிந்ததாக அதிகாரப்பூர்வ அறிவிப்பு பிறகு வந்தது. இந்த இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால் இரண்டுமே இல்லை என்பேன். 2020 ஜூனில் எஸ். ஜானகி இறந்துவிட்டதாகப் பரவியபோது, அவர் நலமாக இருக்கிறார் என்று எஸ்.பி. பாலசுப்பிரமணியம் வீடியோ வெளியிட வேண்டிவந்தது.

பிரபலங்களுக்கு நடப்பது இப்போது வீட்டிலும் நடக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே காத்திருக்கும் ஒருவர், டாக்டர் உதட்டைப் பிதுக்கியதுமே ஸ்டேட்டஸில் கறுப்புப் படம் வைத்துவிடுகிறார். இறந்தவரின் மனைவி வீட்டில் இருக்கிறார், அவருக்கு இன்னும் தெரியாது. அவருக்கு வரும் முதல் தகவல், தூரத்து உறவினர் ஒருவர் போன் செய்து "எப்போது எடுக்கிறார்கள்?" என்று கேட்பது. தந்தியை வாங்கித் தனக்குள் படித்துவிட்டு முகத்தைப் பார்த்த தபால்காரரை நான் நினைத்துக்கொள்வது இப்படிப்பட்ட நேரத்தில்தான்.

பதிலுக்கு வருவோம். செய்தி போட்ட சில நிமிடங்களில் கும்பிடும் கைகள் வரிசையாக வரும். நடுவில் நான்கு 'ஆழ்ந்த இரங்கல்', ஒரு 'ஓம் சாந்தி'. மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காத ஒருவர் வழக்கம்போல் இனிய காலை வணக்கம் அனுப்புவார். யாரோ அவருக்குத் தனியாக போன் செய்திருப்பார்கள் போலும், கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று இருக்கும். நன்றிக்கும் வணக்கத்துக்கும் இரங்கலுக்கும் ஒரே கும்பிடுதான். துக்க வீட்டுக்குப் போனால் வாய் திறந்து பேச வேண்டிய அவசியம் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து வந்தால் போதும். எழுத்தில் அந்த மௌனத்துக்கு வழியில்லை. ஆனாலும் கும்பிடும் கையைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. முன்பெல்லாம் அந்தத் தூரத்து ஆட்களுக்கு விவரமே தெரிந்திருக்காது.

நேரலையையும் அப்படியே பார்க்கிறேன். 2020 ஊரடங்கில் இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு வந்தபோது பல குடும்பங்கள் முதன்முதலாக அந்த வழிக்கு வந்தன. பிறகு வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக அது நிலைத்துவிட்டது. கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கிறவரே இதற்கும் வருகிறார். குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில் மடக்குக் கம்பியில் போனை நிறுத்தி, வாய்க்கரிசி போடும்போது கேமராவுக்கு வழிவிடச் சொல்கிறார். பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது. விசா சிக்கலில் வர முடியாமல் நடுராத்திரி தனியாக உட்கார்ந்து பார்க்கிற மகனுக்கு வேறு என்ன வழி இருக்கிறது? இணைப்பைப் பொதுவில் போடாதீர்கள், கருத்துப் பகுதியை மூடிவையுங்கள். அதோடு சரி.

இன்னொன்று. கருமாதிப் பத்திரிகை கறுப்புக் கரையோடு வரும். தேதியைப் பார்த்துக்கொண்டதும் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் வைக்கமாட்டார்கள். இப்போது பேரப்பிள்ளையின் பிறந்தநாள் படத்துக்கு அடுத்தபடியாக கண்ணீர் அஞ்சலி டிசைன் போனிலேயே கிடக்கிறது. தோற்றம், மறைவு தேதிகளோடு. சிலருக்கு இது பெரிய உறுத்தல், குறிப்பாக வயதானவர்களுக்கு. அழித்துவிடுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும்.

இனி நடைமுறைக்கு. இறப்பு நேர்ந்ததும் குழுவைத் திறக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து, நேரில் அல்லது குரலில் சொல்லியாக வேண்டியவர்களை எழுதுங்கள். உடன்பிறந்தவர்கள், பிறந்த வீடு, சம்பந்தி வீடு, தாய்மாமன், உயிர் நண்பர் ஒருவர் இருவர். பத்துப் பதினைந்து பேருக்கு மேல் வராது. அழுகையை அடக்கிக்கொண்டு பேசக்கூடிய இரண்டு மூன்று பேரிடம் அதைப் பிரித்துக் கொடுங்கள். அரை மணி நேர வேலை. வயதானவர் தனியாக இருக்கிறார் என்றால் அவருக்கு போன் செய்வதற்கு முன் பக்கத்து வீட்டுக்குச் சொல்லி, ஓர் ஆளைக் கூட இருக்கச் செய்யுங்கள். அதன் பிறகு குழுவில் போடுங்கள். போடும்போது நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று அமைப்பை மாற்றிவிட்டால் அன்று ஒரு நாளாவது ரோஜாப்பூக்கள் வராது. எடுக்கும் நேரம், இடம், தொடர்புக்கு ஒரே ஓர் எண், இவை போதும். அந்த எண் இறந்தவரின் மனைவியுடையதாக இருக்கக் கூடாது.

அத்தை விஷயத்தில் விளக்கம் எதுவும் சொல்லிப் பயனில்லை. படித்தீர்கள்தானே என்று அந்தப் பட்டியலை மட்டும் காட்டிவிடாதீர்கள். உங்கள் அப்பா நேரில் போகட்டும். அவருக்கும் தம்பி போயிருக்கிறார், இரண்டு பேரும் சேர்ந்து இன்னும் அழவில்லை என்று நினைக்கிறேன். வருட திதிக்கு முதல் தகவல் அத்தைக்கே போகட்டும், அதுவும் குரலில்.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன், பலரும் தடுமாறும் இடம் என்பதால். சித்தப்பாவின் எண்ணை என்ன செய்யப்போகிறீர்கள்? ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அது முடக்கப்படும். முடக்கிய எண்ணை 90 நாள் கழித்து நிறுவனம் வேறொருவருக்குக் கொடுக்கலாம். 2023இல் உச்ச நீதிமன்றத்தில் வந்த வழக்கிலும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைத்தான் சொன்னது. வாட்ஸ்ஆப் கணக்கும் 120 நாள் பயன்படுத்தாமல் இருந்தால் பொதுவாக நீக்கப்பட்டுவிடும். ஒருநாள் அதே எண்ணில் முன்பின் தெரியாத ஒருவர் முகம் வந்து நிற்கும். எனவே வங்கி, காப்பீடு, ஓய்வூதியம், எரிவாயு இணைப்பு ஆகியவற்றில் பெயர் மாற்றம் முடியும்வரை குறைந்த கட்டணத்திலாவது எண்ணை வைத்திருங்கள். அவர் எண்ணுக்கு வரும் ஓடிபியை வைத்து யாரும் பணம் எடுத்துவிட வேண்டாம். இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குப் போவதே முறை. பின்னால் சிக்கல் வராது. அவர் அனுப்பிய குரல் பதிவுகள் சித்திக்கு வேண்டுமா என்று கேட்டு, வேண்டும் என்றால் முதலில் அவற்றைக் கணினியில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பக் குழுவிலிருந்து அவர் பெயரை நீக்குவதையும் சித்தியைக் கேட்ட பிறகு செய்யுங்கள்.